உஷார்! பேரம் பேசுவது அப்பா, கைரேகை மகனுடையது

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் கம்பம் பள்ளத்தாக்கில் பல வீட்டு போன்கள் தெரியாத எண்களிலிருந்து அடிக்கும். நீட் ரிசல்ட் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எடுத்ததும் குரலில் தேன் வழியும். "அண்ணே, வணக்கம். தம்பி மார்க்கைப் பார்த்தேன். கொஞ்சத்துல போயிருச்சேண்ணே." உங்கள் மகன் பெயர், படித்த பள்ளி, போன கோச்சிங் சென்டர், வாங்கிய மார்க் எல்லாம் பேசுகிறவரிடம் இருக்கும். நம்முடைய ஆள்தான் போலிருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். அடுத்த வார்த்தை இதுதான்: "ஒரு வழி இருக்குண்ணே. போன்ல வேணாம், நேர்ல பேசுவோம்."

அங்கேயே போனை வைத்துவிடுங்கள். மரியாதைக்காகக்கூட "பார்ப்போம்" என்று சொல்லாதீர்கள். நம் ஊரில் "பார்ப்போம்" என்றால் பாதிச் சம்மதம் என்று புரோக்கருக்குத் தெரியும்.

இவ்வளவு பதறிச் சொல்வதற்குக் காரணம் இதே மாவட்டத்தில், தேனிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவே க.விலக்கில் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது எல்லோரும் பார்க்கும் அரசு தேனி மருத்துவக் கல்லூரி. 2019 செப்டம்பரில் அந்தக் கல்லூரி முதல்வருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கும் ஒரு மாணவர் நீட் எழுதவே இல்லை, அவருக்குப் பதிலாக வேறு ஒருவர் மும்பையில் எழுதியிருக்கிறார் என்றது அந்த மின்னஞ்சல். ஹால் டிக்கெட்டில் இருந்த படத்தையும் வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவரின் முகத்தையும் ஒப்பிட்டபோது சந்தேகம் வலுத்தது. க.விலக்கு போலீஸ் வழக்குப் பதிந்தது. மாணவரும் பெற்றோரும் தலைமறைவானார்கள். அந்த மாதமே திருப்பதிப் பக்கம் பிடிபட்டார்கள். மாணவரும் தந்தையும் கைதானார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது.

அந்தத் தந்தை ஏமாந்த கிராமத்துக்காரர் இல்லை. சென்னையில் அரசு மருத்துவமனை டாக்டர். எம்பிபிஎஸ் சீட் எப்படிக் கிடைக்கும், எப்படிக் கிடைக்காது என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர் மீதுதான் இந்தக் குற்றச்சாட்டு.

விசாரணை அதோடு நிற்கவில்லை. சென்னையைச் சுற்றியுள்ள தனியார் மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்திருந்த வேறு சில மாணவர்களும் அடுத்தடுத்துக் கைதானார்கள். ஒவ்வொருவரோடும் கூடவே அப்பா, ஒரு இடத்தில் அம்மா. கேரளாவில் ஒரு புரோக்கர் பிடிபட்டார். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் சேர்ந்த எல்லா மாணவர்களின் கைரேகையையும் தேர்வு மையத்தில் எடுத்த ரேகையோடு ஒப்பிட வேண்டும் என்கிற அளவுக்கு உயர்நீதிமன்றத்தில் பேச்சு போனது. அதாவது, கஷ்டப்பட்டுப் படித்துச் சேர்ந்த பிள்ளைகளும் "நீ உண்மையிலேயே எழுதினாயா?" என்ற கேள்விக்கு விரலை நீட்ட வேண்டி வந்தது.

தேனிக் கல்லூரி மாணவருக்கு வயதைக் கருதி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2019 அக்டோபரில் ஜாமீன் கொடுத்தது. தந்தைக்கு அப்போது கிடைக்கவில்லை. யார் யாரை இழுத்துக்கொண்டு போனார்கள் என்பதை நீதிமன்றம் எப்படிப் பார்த்தது என்று அதிலேயே தெரிகிறது. அதற்காகப் பையன் தப்பித்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். எஃப்ஐஆரில் அவன் பெயரும் இருக்கிறது.

இந்த வியாபாரத்தில் பேரம் பேசுவது அப்பா. பணம் கொடுப்பது அப்பா. "யாருக்கும் தெரியாதுப்பா, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்வதும் அப்பா. ஆனால் விண்ணப்பத்தில் இருக்கும் படம் மகன் பெயரில், கையெழுத்து மகன் பெயரில், கைரேகை மகன் பெயரில். ஒரு பையன் பெரியவனாக ஆனபின் உலகத்துக்குக் கொடுக்கும் முதல் கையெழுத்து பொய்க் கையெழுத்தாக ஆகிவிடுகிறது. வீட்டில் அவன் இன்னும் "சின்னப்பய". சட்டத்துக்கு 18 முடிந்தவன்.

நம் பக்கத்தில் ஒரு பெண் வயதுக்கு வந்தால் தாய்மாமன் சீர் வரும், பந்தல் போடுவார்கள், ஊருக்குச் சொல்வார்கள். பையனுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. மீசை முளைத்ததை யாரும் கொண்டாடுவதில்லை. அவன் பெரியவன் ஆகிவிட்டான் என்று ஊர் முடிவு செய்வது ப்ளஸ் டூ ரிசல்ட் அன்றைக்குத்தான். அன்றிலிருந்து ஒரே கேள்வி: "மகன் என்ன பண்றான்?" சின்னமனூர் மார்க்கெட்டில் வாழைத்தார் ஏற்றும்போது கேட்பார்கள். உத்தமபாளையத்தில் கல்யாண மண்டப வாசலில் மொய் எழுதும்போது கேட்பார்கள். போடி ஏலக்காய் கடையில் கணக்கு முடிக்கும்போது கேட்பார்கள். கேட்பவருக்கு அது வெறும் விசாரிப்பு. பதில் சொல்லும் அப்பாவுக்கு அது மானப் பிரச்சினை. பக்கத்தில் நிற்கும் பையன் அந்த நேரத்தில் போனை எடுத்துப் பார்ப்பான், அல்லது செருப்பால் மண்ணைக் கீறுவான். அவனைப் பற்றித்தான் பேச்சு. அவனை யாரும் கேட்கவில்லை.

அதிலும் "டாக்டர்" என்ற வார்த்தைக்கு நம் பக்கத்தில் இருக்கும் விலை தனி. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் அது இருந்தால் சம்பந்தம் பேசும் இடமே மாறிவிடும். முல்லைப்பெரியாறு தண்ணீரில் இருபோகம் விளையும் நஞ்சையை அதற்காக அடமானம் வைத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். பிள்ளை படிப்புக்காக அடமானம் வைப்பது தப்பில்லை. யாரை நம்பி வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. போடியில் ஏலக்காய் வாங்குகிற எந்த வியாபாரியும் சாம்பிளைக் கையில் கொட்டி, நிறம் பார்த்து, ஒன்றை உடைத்து முகராமல் கிலோவுக்கு விலை சொல்ல மாட்டார். அதே ஆள் முகம் தெரியாத ஒருவனிடம் பத்து லட்சத்தைத் துணிப்பையில் கட்டிக் கொடுத்துவிட்டு வருகிறார். ரசீது கேட்டால் சீட் போய்விடுமோ என்று பயம்.

புரோக்கர்கள் எப்படி வருவார்கள் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லுங்கள்.

ரொம்பப் பழைய வித்தை ஒன்று. முதலீடே தேவையில்லாத தொழில் அது. கட் ஆஃபுக்குப் பக்கத்தில் நிற்கும் பத்துப் பிள்ளைகளின் அப்பாக்களிடம் ஆளுக்கு ஒரு தொகை வாங்குவார்கள். "கிடைக்கலேன்னா ஒரு ரூபா குறையாமத் திருப்பித் தந்துருவேன்ணே, எங்க அம்மா மேல சத்தியம்." அப்புறம் அவர்கள் செய்வது ஒன்றுமே இல்லை. கவுன்சலிங் நடக்கும். பத்தில் மூன்று பேருக்குச் சொந்த மார்க்கிலேயே சீட் கிடைக்கும். அந்த மூன்று பேரின் பணம் புரோக்கருக்குச் சொந்தம். அவர்களே ஊரெல்லாம் "அவர் சொன்னாச் சொன்னதுதான்" என்று விளம்பரமும் செய்வார்கள். மிச்சம் ஏழு பேரில் சத்தம் போடுகிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருவார்கள். சத்தம் போடாதவர்கள் மானத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொள்வார்கள். இந்த வித்தையில் புரோக்கர் பிடிபடுவது அபூர்வம், ஏனென்றால் அவன் யாருக்கும் எதுவும் செய்யவில்லை!

இரண்டாவது, விண்ணப்பம் போடும்போதே தொடங்குவது. "சென்டரை மதுரையில போடாதீங்க, வெளி ஸ்டேட்ல போடுங்க" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தேனிப் பையன் தேர்வெழுத மும்பைக்கோ லக்னோவுக்கோ போக ஒரு நியாயமான காரணமும் கிடையாது. "அப்ளிகேஷனை நாங்களே போட்டுக்குறோம், பாஸ்வேர்டு எங்ககிட்ட இருக்கட்டும், போட்டோ நாங்க எடுத்துக்குறோம்" என்பதும் இதே வகை. இரண்டு முகங்களைக் கலந்து ஒரு படம் தயாரிப்பது இன்றைக்குச் செல்போனிலேயே நடக்கிற காரியம். ஆனால் விரலைக் கலக்க முடியாது. இப்போது நீட் விண்ணப்பத்திலேயே இரண்டு கை விரல்களின் ரேகையும் கேட்கிறார்கள். தேர்வு மையத்திலும் பயோமெட்ரிக் பதிவு இருக்கிறது. 2019இல் மின்னஞ்சல் வந்ததால் வெளியே வந்தது. இன்றைக்கு மின்னஞ்சலே தேவைப்படாது.

மூன்றாவது: "தெரிஞ்ச கேள்விக்கு மட்டும் தம்பிய போடச் சொல்லுங்க, மிச்சத்தை அப்படியே விட்டுறட்டும், உள்ள நம்ம ஆள் நிரப்பிக்குவார்." 2024 மே மாதம் குஜராத்தின் கோத்ராவில் ஒரு தேர்வு மையத்தில் இதற்குத்தான் ஏற்பாடு நடந்ததாக வழக்கு. தலைக்கு 10 லட்சம் பேசியதாகப் புகார். மையப் பொறுப்பில் இருந்த ஆசிரியரின் காரில் 7 லட்சம் ரொக்கம் சிக்கியது. வெற்றிடம் விட்ட பிள்ளைகள் கதை என்ன என்று யோசியுங்கள். தெரிந்திருந்தால்கூட எழுதாமல் விட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

நான்காவது வகை கேட்டால் சிரிப்பு வரும், அப்புறம் வயிறு எரியும். 2020 கடைசியில் சென்னைக் கவுன்சலிங்கில் பரமக்குடிப் பக்கத்து மாணவி ஒருவர் 610 மார்க் என்று சான்றிதழ் கொடுத்தார். உண்மையான மார்க் 27. சான்றிதழ் போலி என்று வழக்கு. பல் டாக்டரான அப்பாவும் சேர்ந்தே மாட்டினார். மார்க் பட்டியல் முழுவதும் கம்ப்யூட்டரில் இருக்கும் காலத்தில் காகிதத்தைத் திருத்தி என்ன பயன் என்று படித்த அப்பாவுக்குத் தோன்றாமல் போனது எப்படி? ஆசை முற்றினால் படிப்பு உதவாது போலிருக்கிறது.

இனி சட்டம். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. ஆள் மாறாட்ட மோசடிக்கு முன்பு 3 ஆண்டு வரை என்றிருந்த சிறை இப்போது 5 ஆண்டு வரை. ஏமாற்றிப் பொருள் பெறுவதற்கு 7 ஆண்டு வரை. இது போக, பொதுத் தேர்வு முறைகேடுகளுக்கென்றே தனிச் சட்டம் 2024 ஜூன் 21 முதல் அமலில் இருக்கிறது. நீட் அதில் வருகிறது. கேள்வித்தாளைக் கசியவிடுவது, ஓஎம்ஆர் தாளைத் திருத்துவது, அதற்குக் கூட்டுச் சேர்வது ஆகியவற்றுக்கு 3 முதல் 5 ஆண்டு சிறை, 10 லட்சம் வரை அபராதம். கும்பலாகச் செய்தால் 5 முதல் 10 ஆண்டு, அபராதம் ஒரு கோடிக்குக் குறையாது. ஜாமீனில் விடக்கூடிய குற்றம் இல்லை. சமாதானம் பேசி முடித்துக்கொள்ளவும் வழியில்லை. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தக் கடைசி வரியை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டேஷனில் எழுதி வாங்கி முடிக்கிற விவகாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சீட் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி புரோக்கர்களுக்கு வேலை போய்விடும். இந்தியாவில் எந்த மருத்துவக் கல்லூரியிலும் நீட் தகுதி இல்லாமல் எம்பிபிஎஸ் கிடையாது. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கும் இல்லை, என்ஆர்ஐ கோட்டாவுக்கும் இல்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் இடங்களைச் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக் குழு நிரப்புகிறது. அகில இந்திய ஒதுக்கீட்டையும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் மத்தியக் கவுன்சலிங் குழு நிரப்புகிறது. ரேங்க் பட்டியல், ஒதுக்கீட்டுப் பட்டியல், கட்டணம் எல்லாம் இணையத்தில் வெளியாகும். "கடைசி நேரத்துல காலேஜ்லயே ஸ்பாட்ல போட்டுருவாங்க" என்பது பழைய காலத்துப் பேச்சு. மிச்சம் விழும் இடங்களும் கவுன்சலிங் வழியாகத்தான்.

"அப்ப வெளிநாடு போயிறலாம்" என்று அடுத்த கதவைத் திறப்பார்கள். அதற்கும் நீட் தகுதி வேண்டும் என்று 2018இலேயே விதி வந்துவிட்டது. 2021 விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழி, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்யும் தகுதி. இவ்வளவும் இருந்து, திரும்பி வந்து இங்கே தகுதித் தேர்விலும் தேற வேண்டும். போகக்கூடாது என்று சொல்லவில்லை. நன்றாகப் படித்துவிட்டு வந்து நம் ஊர்களில் கிளினிக் வைத்திருப்பவர்கள் உண்டு. புரோஷரில் இருக்கும் பனிமலைப் படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த நான்கு நிபந்தனைகளையும் எழுத்தில் கேளுங்கள்.

இதே தேனி மாவட்டத்தின் இன்னொரு பையனைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. பெரியகுளம் பக்கம் சில்வார்பட்டி அரசு மாதிரி மேல்நிலைப் பள்ளி. அங்கே படித்த ஒரு மாணவர், ஆடு மேய்க்கும் தகப்பனின் மகன், முதல் தடவை எழுதிய நீட்டில் 200ஐக்கூடத் தொடவில்லை. அது 2019, க.விலக்கு விவகாரம் வெடித்த அதே ஆண்டு. மறு ஆண்டு, 2020 அக்டோபரில் ரிசல்ட் வந்தபோது அவர் மார்க் 720க்கு 664. நாட்டிலேயே அரசுப் பள்ளி மாணவர்களில் முதல் மார்க் என்று கொண்டாடினார்கள். இடைப்பட்ட ஒரு வருடம் நாமக்கல் பக்கம் கோச்சிங். அதற்கான பணத்தைப் புரட்டிக் கொடுத்தவர்கள் ஆசிரியர்களும் நல்ல மனசுக்காரர்களும்.

கோச்சிங் என்று சொன்னேனே, அதையும் மறைக்க வேண்டாம். 2019இல் தமிழக அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த 3,081 பேரில் கோச்சிங் போகாமல் சேர்ந்தவர்கள் 48 பேர்தான் என்று அரசே உயர்நீதிமன்றத்தில் சொன்னது. காசு இல்லாத வீட்டுக்கு இந்தத் தேர்வு எவ்வளவு உயரம் என்று இந்தக் கணக்கே சொல்லும். நீட் வேண்டாம் என்று சட்டமன்றம் 2021இல் மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. அந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்பது இங்கே முக்கியமில்லை. தேர்வு அநியாயம் என்று ஒரு அப்பா நினைத்தால் அதற்காக வீதியில் நின்று கோஷம் போடலாம், வழக்குப் போடலாம். "எல்லாரும்தான் பண்றாங்க" என்று புரோக்கர் சொல்லும்போது தலையாட்டக் கூடாது.

அதே 2020இல் தமிழக அரசு கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் முதல் ஆண்டிலேயே அரசுப் பள்ளி மாணவர்கள் நானூறு பேர் வரை மருத்துவ, பல் மருத்துவ இடங்களுக்குப் போனார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டணத்தை அரசே ஏற்கிறது. நடுவில் இரண்டு வருடம் "நல்ல பிரைவேட் ஸ்கூல்" என்று மாற்றிவிட்டு இந்த உரிமையை இழந்த குடும்பங்கள் நம் பக்கம் உண்டு. எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

டாக்டர் ஆகாவிட்டால் வேறு என்ன என்று கேட்கிறவர்களுக்கு மாவட்டத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. வீரபாண்டிப் பக்கம் தப்புக்குண்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி. மாநில இடங்களுக்கு ப்ளஸ் டூ மார்க்தான், நீட் இல்லை. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி. பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரர்கள் நாம். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பந்தல்களில் பூஞ்சைக்கு எந்த மருந்தை எப்போது அடிப்பது என்று கேட்க ஆள் தேடி அலைகிறோம். தோட்டக்கலை படித்த பையன் "என்ன பண்றான்" என்ற கேள்விக்கு ஏன் கூச வேண்டும்? போடியில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது, தேனியில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பையன்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. இத்தனையும் பக்கத்தில் இருக்க, ஒரே ஒரு வாசலில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறோம். அல்லிநகரத்திலிருந்தும் பண்ணைப்புரத்திலிருந்தும் கிளம்பிப் போன பையன்களை எந்தக் கவுன்சலிங்கும் பாரதிராஜாவாகவும் இளையராஜாவாகவும் ஒதுக்கீடு செய்யவில்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன். சினிமாவுக்கு அனுப்புங்கள் என்று யாரும் அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம், அது வேறு வகைப் புரோக்கர்களின் ராஜ்ஜியம்.

இனி தம்பிகளுக்கு.

தம்பி, உன்னை எதுவும் கேட்காமல் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உன் படிப்பைப் பற்றிப் பேசினால், உள்ளே போய் உட்கார். விண்ணப்பத்தின் பாஸ்வேர்டு உன்னிடமும் அப்பாவிடமும் மட்டும் இருக்கட்டும். உன் படத்தை நீயே ஏற்று. எந்த ஊர் சென்டர் என்று நீயே பார். வெற்றுத் தாளில், வெற்று முத்திரைத் தாளில் கையெழுத்துப் போடாதே. பத்தாவது, ப்ளஸ் டூ, சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலை எவனிடமும் "அட்வான்ஸா" கொடுக்காதே. அதை வைத்துக்கொண்டு அடுத்த வருடம்வரை உன்னை ஆட்டிவைப்பார்கள். "உனக்காகத்தானே செய்யுறோம்" என்று அம்மா அழுவார். அந்த அழுகைக்கு முன்னால் "வேணாம்மா" என்று சொல்வது நீட்டில் 600 வாங்குவதைவிடக் கஷ்டம், தெரியும். சொல். வீட்டில் சொல்ல முடியவில்லையா? தாய்மாமனிடம் சொல், உனக்குப் பாடம் எடுத்த வாத்தியாரிடம் சொல். யாராவது ஒரு பெரியவர் உன் பக்கம் நிற்பார்.

மார்க் குறைந்த ராத்திரிகள் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஆகஸ்டில் சென்னைக் குரோம்பேட்டையில், இரண்டு தடவை எழுதியும் கிடைக்காத ஒரு மகனையும், அடுத்த நாளே அவன் தகப்பனையும் இழந்தது ஒரு குடும்பம். மனம் கனத்தால் 104க்கு அடி, அல்லது 14416 டெலி மானஸுக்கு அடி. இரண்டும் எந்த நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். அப்பாக்களும் அடிக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

உறவுக்காரர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மண்டப வாசலில் அந்தக் கேள்வியைக் கேட்டே தீர வேண்டும் என்றால் அப்பாவிடம் கேட்காதீர்கள், பையனிடம் நேராகக் கேளுங்கள். "என்னய்யா, என்ன படிக்கணும்னு இருக்க?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லி முடிக்கும்வரை நில்லுங்கள்.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், இன்னும் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே மகனின் அசல் சான்றிதழ்களைத் திருப்பி வாங்குங்கள். விண்ணப்பம் போட்டிருந்தால் அதைத் திறந்து படம், கையெழுத்து, சென்டர் எல்லாம் மகனுடையதுதானா என்று பாருங்கள். மாறியிருந்தால் அந்தத் தேர்வை எழுத வைக்காதீர்கள், ஒரு வருடம் போனால் போகட்டும். ஆன்லைனில் பணம் அனுப்பியிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே அடியுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் தேனி எஸ்.பி. அலுவலகத்தில் மாவட்டக் குற்றப் பிரிவுக்குப் போங்கள். "எதுக்குக் கொடுத்த?" என்று உங்களையும் கேட்பார்கள், அதனால் வக்கீலோடு போங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் லட்சுமிபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100க்கு அடித்தாலும் வழி சொல்வார்கள். பணம் வருமோ வராதோ, மகன் பெயர் வழக்கில் ஏறுவதற்கு முன்னால் போய்விடுங்கள்.